வாயிலில் இட்ட எண்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பிள்ளை பள்ளியில் சேர்ந்த நாளன்றே அதன் பெயருக்கு எதிரே ஓர் எண் எழுதப்பட்டுவிடுகிறது. முதலாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் அப்பிள்ளை ஏழாவது பெயராக இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் இருபத்திரண்டாவது பெயராக இறங்கியிருக்கலாம். வகுப்பறை மாறும்; ஆசிரியர் மாறுவார்; ஏன், தலைமையாசிரியரே மாறிப் போவார். சேர்ந்த நாளில் இட்ட எண் மட்டும் மாறுவதில்லை. பள்ளியை விட்டு விலகும்போது கையில் கொடுக்கப்படும் சான்றிதழிலும் அவ்வெண்ணே நிற்கிறது. நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் வந்து, தாம் இங்கே படித்ததுண்டு என்று கூறுவாராயின், அவர் முகத்தைப் பார்த்து நம்புவதா வேண்டாமா என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. எண்ணைக் கேட்டு ஏட்டைப் புரட்டினால் போதும்.

இந்தச் சேர்க்கை எண்ணுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க எண் ஒன்று கணினி உலகிலும் உண்டு. கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் அதைப் பெறுகிறார்கள். பெற்றதை அறியாமலே எறிந்தும் விடுகிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் அலுவலகத்தில், பழைய பள்ளிப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காக்கும் பணி நடைபெற்று வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்கு இடம்பெயர்ந்தபோது, பள்ளிகள் சில மூடப்பட்டன. சில வேறிடம் சென்றன. ஏடுகள் மட்டும் அலமாரிகளின் அடித்தட்டில் கிடந்தன. கறையான் அரித்தவை சில. மழையில் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக்கொண்டவை சில. பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்ட முதியவர் ஒருவருக்கு, தம் பிள்ளைப் பருவத்துக்கு எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று அந்த ஏட்டின் ஒற்றை வரியாகவும் இருக்கக்கூடும். ஆதலால், பக்கம் ஒன்று விடுபடுவது சிறிய பிழையாகாது.

அப்பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டிருந்தாள் ஓர் இளம்பெண். ஏட்டின் பக்கங்களைக் கண்ணாடித் தட்டில் விரித்துப் படமெடுப்பதும், படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதும் அவள் வேலை. ஒருநாள் பிற்பகல் 186 பக்கங்கள் கொண்ட ஏடு ஒன்றை முடித்தாள். திரையில் ‘186 அனுப்பப்பட்டன’ என்ற வரி வந்தது. ஏட்டைச் சணல் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு வீடு சென்றாள். மறுநாள் காலையில் மேலாளர் பட்டியலைத் திறந்து பார்த்தபோது 182 பக்கங்களே இருந்தன.

மேலாளர் கெட்டவர் அல்லர். ஆனால், பட்டியலை நம்புகிறவர்.

“நேற்றே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன் ஐயா. திரையிலும் அப்படித்தான் வந்தது,” என்றாள் அவள்.

“அனுப்பியிருந்தால் பட்டியலில் இருக்க வேண்டுமே அம்மா?” என்றார் அவர்.

இதற்கு அவளிடம் மறுமொழி இல்லை. மாத முடிவில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. ‘கவனக் குறைவு’ என்ற ஒரு சொல் அவளுடைய கோப்பில் ஏறிவிட்டால் அதை இறக்குவது யார்? ஏடோ அன்று மாலை வேனில் ஏறித் திரும்பிப் போக வேண்டியது. எந்த நான்கு பக்கங்கள் விடுபட்டன என்று பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால், அவை ஏன் விடுபட்டன என்று பட்டியல் சொல்லாது. ஒருவர் சொல்லுக்கு எதிரே ஒரு பட்டியல் நிற்கும்போது சொல்தான் தோற்கும்.

சேமிப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் தொலைபேசியில் அழைக்கப்பட்டார். அவரும் ஒரு தோட்டப்பள்ளியில் தொடங்கி மேலே வந்தவர்தாம். அவர் கேட்ட முதல் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை.

“தங்கச்சி, அந்த நாலு பக்கத்துக்கும் எண் வைத்திருக்கிறாயா?”

“பக்க எண்ணா அண்ணே?”

“இல்லை. நீ அனுப்பியதும் அங்கிருந்து திரும்பி வருமே, அந்த எண்.”

அப்படி ஓர் எண் வருவதை அவள் அறிந்ததே இல்லை.

அவர் கேட்டது என்ன என்று விளங்க வேண்டுமானால், படங்கள் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ‘ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்’ என்று வழங்கும் இதனைத் தமிழில் பொருட்சேமிப்பகம் எனலாம். ஒவ்வொரு கோப்பும் ஒரு ‘பொருள்’. பொருள்கள் ‘கொள்கலம்’ என்னும் தொகுதியிலும், கொள்கலங்கள் ஒரு கணக்கின் கீழும் அடங்கும். 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமேசான் நிறுவனம் ‘எஸ்3’ என்னும் பெயரில் இத்தகைய சேமிப்பகத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்த அலுவலகம் பயன்படுத்தியது ‘சுவிஃப்ட்’ என்னும் மென்பொருள். ராக்ஸ்பேஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் உருவாகி, 2010ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனமும் நாசாவும் கூடித் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்டாக்’ திட்டத்தின் வழியாக உலகத்துக்குப் பொதுவாக வழங்கப்பட்டது அது.

இச்சேமிப்பகம் ஒரே பெட்டி அன்று. பல பொறிகளில் பரந்து கிடப்பது. வாயிலில் ‘பிராக்சி’ எனப்படும் சேவையகம் நிற்கிறது. வரும் படத்தின் பெயரை ‘எம்.டி.5’ என்னும் கணக்கீட்டில் இட்டு, அது எந்த வட்டுகளில் இடம்பெற வேண்டும் என்று அறிந்து, வழக்கமாக மூன்று பொருட்சேவையகங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறது. மூன்று படிகள் வைப்பது, வட்டு ஒன்று பழுதானாலும் பொருள் அழியாமல் இருப்பதற்காக. மூன்றில் இரண்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்னால், வாயிற்காவலர் ‘201’ என்னும் குறியீட்டை அனுப்பியவரிடம் தருகிறார். உருவாக்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

ஒவ்வொரு பொறியும் தனக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ‘லாக்’ என்பது அதுவே. எந்தப் பொறிக்கு என்ன வேண்டுகோள் வந்தது, என்ன விடை சென்றது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். ஒரு படம் வந்து சேர்வதற்குள் வாயிலில் ஒரு வரி, மூன்று பொருட்சேவையகங்களில் மூன்று வரிகள், கொள்கலத்தின் பட்டியலைப் பேணும் சேவையகங்களில் மேலும் சில வரிகள் எனச் சிதறிக் கிடக்கும். ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான பிற வேண்டுகோள்களும் வந்து ஊடே கலந்துவிடுகின்றன. பொறிகளின் கடிகாரங்களும் நூலிழை அளவு வேறுபடலாம். நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வரி யாருடையது என்று பிரிக்க முயல்வது, திருவிழாக் கூட்டத்தில் காலடித் தடத்தைப் பார்த்து ஒருவரைத் தேடுவது போன்றதே.

ஆகையால்தான் வாயிலிலேயே ஓர் எண் இடப்படுகிறது. வேண்டுகோள் உள்ளே நுழைந்ததும் பிராக்சி சேவையகம் அதற்கு ஒரு வேண்டுகோள் எண்ணைப் படைக்கிறது. அவ்வெண் உள்ளே செல்லும் ஒவ்வொரு கட்டளையோடும் பயணம் செய்கிறது. தொட்ட ஒவ்வொரு பொறியின் குறிப்பேட்டிலும் எழுதப்படுகிறது. இறுதியில், விடையின் தலைக்குறிப்பில் ஏறி, அனுப்பியவரிடமே திரும்பியும் வருகிறது.

சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளதுபோல் 1, 2, 3 என்று வரிசையாக இட்டால் ஆகாதோ என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பள்ளிக்கு ஏடு ஒன்று, எழுதுபவரும் ஒருவர். சேமிப்பகத்துக்கோ வாயில்கள் பல. எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருப்பவை. அடுத்த எண் எது என்று ஒவ்வொரு வாயிலும் நடுவிலிருக்கும் ஓர் எழுத்தரைக் கேட்டு நிற்குமானால், வரிசை நீளும். அவர் கண்ணயர்ந்தால் எல்லா வாயில்களும் அடைபடும். எனவே, ஒவ்வொரு வாயிலும் யாரையும் கேட்காமல் தானே குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைப் படைத்துக்கொள்கிறது. எண்ணின் நீளம் மிகுதியாதலால், இரண்டு வேண்டுகோள்களுக்கு ஒரே எண் விழுவது நடைமுறையில் நிகழாது.

சுவிஃப்ட் தரும் எண் ‘டி’, ‘எக்ஸ்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அடுத்து, பதினாறடிமான எண்முறையில் அமைந்த 21 இடங்கள். பத்து இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்த முறை அது. பின்னர் ஒரு சிறுகோடு. அதற்குப் பின் வரும் 10 இடங்கள்தாம் சுவையானவை. 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து எத்தனை நொடிகள் கடந்தன என்னும் கணக்கு அங்கே ஒளிந்திருக்கிறது. எண்ணைப் பார்த்த அளவிலேயே வேண்டுகோள் எப்போது வந்தது என்று தேர்ந்தவர் கணித்துவிடலாம். அந்த நேரம் உலகப் பொது நேரம். மலேசிய நேரத்துக்கு 8 மணி பின்தங்கியது. ‘மாலை நான்கு பத்துக்கு அனுப்பினேன்’ என்று அப்பெண் கூறியதும், குறிப்பேட்டில் காலை 8.10 என்று இருந்ததும் ஒன்றே. இதை அறியாதவர், நேரமே பொருந்தவில்லை என்று கூறி இன்னொரு பழியும் சுமத்தியிருப்பார்.

அமேசான் சேமிப்பகம் இப்படி இரண்டு எண்களைத் தருகிறது. குறை கூறி எழுதுபவர் இரண்டையும் குறிப்பிட வேண்டும் என்று அந்நிறுவனம் கேட்கிறது. கேட்பது எளிது, வைத்திருப்பவர் யார்? அனுப்பும் கருவிகளில் சில, தோல்வி நேரும்போது மட்டுமே எண்ணைத் திரையில் காட்டும். வெற்றி என்றால் வாய் திறவா. இது தலைகீழான வழக்கம் என்றே சொல்ல வேண்டும். தோல்வி உடனே தெரிந்துவிடுகிறது, மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். வழக்கு எழுவதெல்லாம், வெற்றி என்று சொல்லப்பட்டுப் பிறகு காணாமற்போனவற்றைப் பற்றித்தானே!

அப்பெண்ணின் கணினியில் நிறுவப்பட்டிருந்த நிரலும் அவ்வகையைச் சேர்ந்ததுதான். ஆனால், அதை நிறுவிய பணியாளர் சோதனைக்காகத் திறந்துவிட்ட ஒரு வசதியை மூட மறந்திருந்தார். அதனால், வந்த விடைகள் யாவும் முழுமையாக ஒரு கோப்பில் எழுதப்பட்டு வந்தன. ஒருவரின் மறதி மற்றொருவருக்குச் சான்றாயிற்று. பொறியாளர் சொல்லச் சொல்ல அவள் அக்கோப்பைத் தேடித் திறந்தாள். விடுபட்ட நான்கு பக்கங்களில் மூன்றுக்கு எண் இருந்தது. ‘201’ என்னும் விடையும் இருந்தது. நான்காவது பக்கத்துக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

பொறியாளர் முதல் எண்ணை எடுத்துக்கொண்டு, எல்லாப் பொறிகளின் குறிப்பேடுகளிலும் தேடினார். சிதறிக் கிடந்த வரிகள் ஒன்றுகூடி வந்தன. வாயிலில் ஏற்கப்பட்டிருந்தது. மூன்று பொருட்சேவையகங்களும் எழுதிவிட்டதாகக் குறித்திருந்தன. ஆனால், அவை ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு வரி: கொள்கலப் பட்டியலில் சேர்க்க முயன்றது கைகூடவில்லை, பின்னர்ச் சேர்ப்பதற்காக எடுத்துவைக்கப்பட்டது.

சேமிப்பகத்தில் பொருளை வாங்கி அடுக்குபவர் ஒருவர். பட்டியல் எழுதுபவர் வேறொருவர். பட்டியல்காரருக்கு வேலை மிகுந்துவிட்டால், அடுக்கியவர் காத்திருப்பதில்லை. செய்தியைச் சீட்டில் எழுதி நிலுவையில் வைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்வார். பின்னால் வேறொரு பணியாளர் அச்சீட்டுகளைப் பொறுக்கிப் பட்டியல்காரரிடம் சேர்ப்பிப்பார். அந்த அலுவலகம் ஆண்டுக்கணக்காக எல்லாப் படங்களையும் ஒரே கொள்கலத்தில் போட்டுக் குவித்து வந்தது. பட்டியல் பருத்துப்போய், ஒரு வரி சேர்ப்பதற்கே திணறியது. அன்று பிற்பகல் வேறொரு பிரிவினரும் பெருந்தொகுதி ஒன்றை அனுப்ப, நிலுவைச் சீட்டுகள் மலைபோல் குவிந்துவிட்டன. பொருள் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

பொறியாளர் பட்டியலைப் பார்க்காமல், படத்தின் பெயரைச் சொல்லி நேராகவே கேட்டார். படம் வந்தது. மை மங்கிய வரிகளில் பிள்ளைகளின் பெயர்கள், தந்தையர் பெயர்கள், தோட்டப் பிரிவின் பெயர், சேர்ந்த நாள். மற்ற இரண்டு பக்கங்களும் அவ்வாறே வந்தன. இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. நிலுவையில் கிடந்த சீட்டிலும் வாயிலில் இட்ட அதே எண் எழுதப்பட்டிருக்கும். அன்று நண்பகலில் சீட்டு பட்டியல்காரரைச் சென்றடைந்தபோது, அவருடைய குறிப்பேட்டிலும் முன்னாள் மாலை பிறந்த எண்ணே பதிவாயிற்று.

நான்காவது பக்கத்தின் செய்தி வேறு. அதற்கு எண் கிடைக்கவில்லை. விடை வந்தால்தானே எண் வரும்? பொறியாளர் படத்தின் பெயரையும் நேரத்தையும் வைத்து வாயிற் குறிப்பேட்டைத் துழாவினார். ஒரு வரி அகப்பட்டது. ‘499’ என்று அதில் குறித்திருந்தது. சரக்கு முழுதும் வந்து சேருமுன் அனுப்பியவர் தொடர்பை விட்டுப் போய்விட்டார் என்பது அதன் பொருள். மாலை இடிமழையில் இணைப்பு ஒருகணம் அறுந்திருக்கிறது. வந்த பாதியைச் சேமிப்பகம் வைத்துக்கொள்வதில்லை. அப்பெண்ணின் நிரலோ, அனுப்பத் தொடங்கியதையே அனுப்பி முடித்ததாகக் கணக்கில் சேர்த்து, 186 என்று காட்டிவிட்டது.

ஆக, அவள் சொல்லில் முக்காற்பங்கு சரி, காற்பங்கு சரியில்லை. சரியில்லாததும் அவள் பொய்யன்று. திரை சொன்ன பொய். பொறியாளர் மூன்றை மட்டும் சொல்லிவிட்டு நான்காவதை மறைத்திருந்தால், அவளுக்கு அன்று மனநிறைவு மிகுந்திருக்கும். அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் ஏடு மாலையில் வேனேறிப் போயிருக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மீண்டும் ஒருமுறை காணாமற் போயிருப்பார்கள்.

இங்கே ஒரு செய்தியை இடையிட்டுக் கூறுதல் தகும். ஒரு வேண்டுகோளைப் பல பொறிகளினூடே ஒரே எண்ணால் தொடர்ந்து செல்லும் முறையைக் கூகுள் நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டு ‘டாப்பர்’ என்னும் தங்கள் கருவியைப் பற்றிய கட்டுரையில் விரித்துரைத்தனர். அதன் முதற்பதிப்பு எல்லா வேண்டுகோள்களையும் தொடரவில்லை. சராசரியாக 1,024இல் ஒன்றை மட்டுமே எடுத்துப் பார்த்தது. எந்த இடத்தில் தாமதம் நேர்கிறது என்று அறிய அது போதும். பானைச் சோற்றைப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதுமன்றோ! ஆனால், ஒரு பெண் ஒரு பக்கத்தை அனுப்பினாளா இல்லையா என்று அறிய அது போதாது. அவளுடைய பக்கம் அந்த 1,023இல் ஒன்றாகிவிட்டால் என் செய்வது? சேமிப்பகத்தின் குறிப்பேட்டில் எல்லா வேண்டுகோள்களும் பதிவாக வேண்டும். தேர்வெழுதியவர்களில் ஆயிரத்தில் ஒருவர் பெயரை மட்டும் குறித்து வைக்கும் பள்ளி உண்டோ?

எல்லாம் பதிந்தாலும் குறையில்லாமல் இல்லை. குறிப்பேட்டு வரிகளைத் தொகுக்கும் நடுப்பொறிக்கு அனுப்பும்போது, சில அமைப்புகளில் அவை வழியில் சிந்திப்போவதும் உண்டு. அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. எனவே, வரி இருந்தால் அது நடந்தது என்று துணிந்து கூறலாம். வரி இல்லாததை மட்டும் கொண்டு, நடக்கவே இல்லை என்று கூறத் துணியலாகாது. அதோடு, இடம் போதாமல் குறிப்பேடுகளைச் சில வாரங்களில் அழித்துவிடும் நிலையங்கள் பல. பதிவேடோ எழுபது ஆண்டு வாழ்ந்துவிட்டது. அதன் படத்தைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று எழுபது நாளும் வாழ்வதில்லை.

பொறியாளர் அன்றே நிரலில் இரண்டு மாற்றங்களைச் செய்வித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் திரும்பி வரும் எண்ணை, வெற்றியாயினும் தோல்வியாயினும், பக்கத்தின் பெயரோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று நுட்பமானது. சுவிஃப்டில், அனுப்புபவரும் தம் பங்குக்கு 32 எழுத்துகள் வரை ஓர் அடையாளத்தை உடன் அனுப்பலாம். வாயிற்காவலர் அதைத் தாம் இடும் எண்ணின் வாலாகச் சேர்த்துக்கொள்வார். இனி ஏட்டின் எண்ணும் பக்கத்தின் எண்ணும் அவ்வாறு செல்லும். விடை வாராமற்போனாலும், தன் அடையாளத்தைச் சொல்லித் தேடச் சொல்லலாம். பிள்ளையின் பெயரைச் சேர்க்கலாமா என்று மேலாளர் கேட்டார். கூடாது என்று பொறியாளர் மறுத்துவிட்டார். குறிப்பேடு பலர் கண்ணில் படுவது; அதில் ஆளின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் ஏறலாகாது.

மேலாளர் வருந்துவதாக ஒன்றும் சொல்லவில்லை. “சரி அம்மா, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேன் வருவதற்குள் எடுத்துவிடு,” என்றார். சற்றுப் பொறுத்து, “கொள்கலத்தைப் பிரித்து வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுகிறேன்,” என்றும் சொன்னார்.

அவள் சணல் கயிற்றை அவிழ்த்தாள். அந்தப் பக்கத்தின் ஓரம் பொடியாகிக்கொண்டிருந்ததால், இரு கைகளாலும் ஏந்திக் கண்ணாடித் தட்டில் கிடத்தினாள். படம் சென்றது, விடை வந்தது. நிரல் எண்ணைத் தானே குறித்துக்கொண்டது. ஆயினும், அவள் பென்சிலை எடுத்து, ‘டி’யில் தொடங்கி இறுதி இலக்கம் வரை ஒவ்வோர் இடமாக விரல்வைத்துப் பார்த்து, மேசைமேல் கிடந்த தாளில் எழுதிக்கொண்டாள்.